ஐப்பசிக் கையெழுத்து

திருப்பாதிரிப்புலியூரில் சைக்கிள் கடை மாடியில் துப்பறியும் ஞானசேகரன் ஆபீஸ் திறந்து ஆறு வருஷம் ஆகிறது. இந்த ஆறு வருஷத்தில் அந்த மரப்படியில் ஏறி வந்தவர்கள் எல்லோரும் ஒரே ரகம்தான். என் சொத்தைத் தின்றுவிட்டான், மீட்டுக் கொடு என்பார்கள். சொத்து போனால் போகட்டும், போனது நிஜம்தான் என்று நிரூபித்துக் கொடு என்று கேட்டு வந்த முதல் ஆள் சைதுன் பீவிதான்.

உதவியாளன் கொளஞ்சியப்பன் காதில் செருகியிருந்த பென்சிலை எடுத்துப் பார்த்துவிட்டு மறுபடியும் செருகிக்கொண்டான்.

"அம்மா, நீங்க கொஞ்சம் மாத்திச் சொல்லிட்டீங்கன்னு நினைக்கிறேன். பத்திரம் பொய்னுதானே நாங்க நிரூபிக்கணும்?"

"மாத்தி ஒண்ணும் சொல்லலை தம்பி. அதுல இருக்கிறது எங்க மச்சான் கையெழுத்துதான்னு நிரூபிச்சிக் குடுங்க. தோணிய அவுங்களே வெச்சிக்கட்டும்."

மச்சான் என்று அவள் சொன்னது கணவன் அப்துல் ஹக்கை. முப்பது வயதிருக்கும் அவளுக்கு. வெள்ளைத் துப்பட்டிக்குள்ளே சிவப்புப் பூப்போட்ட சேலை. கை நிறையக் கண்ணாடி வளையல். புருஷனைக் காணாமல் ஆறு மாதமாகத் தவிக்கிறவள் மாதிரியே இல்லை என்று கொளஞ்சியப்பன் மனத்துக்குள் ஒரு கிண்டல் பண்ணினான். அந்தக் கிண்டலுக்காக அன்றைக்கே வருத்தப்படப் போகிறான், பாவம்.

விஷயம் இதுதான். ஓ.டி. என்று எல்லோரும் சொல்லும் பழைய டவுன் துறைமுகத்தில் அப்துல் ஹக்குக்கு 'சலாமத்' என்று ஒரு பாய்மரத் தோணி. போன ஐப்பசியில், நாகூரில் கயிறு வாங்கப் போகிறேன் என்று வேறொருவர் தோணியில் ஏறிப் போனான். ஐப்பசி இருபத்திரண்டாம் தேதி அடித்த புயலில் அந்தத் தோணி கவிழ்ந்தது. வேதாரண்யம் பக்கம் மூன்று உடல்கள் கரை ஒதுங்கின. ஹக்கின் பெரியப்பா மகன் ஹபிபுல்லா தனியாகப் போய்ப் பார்த்துவிட்டு வந்து, மூன்றில் ஒன்றுகூட அவனில்லை என்றான்.

"அந்த ஒரு வார்த்தைக்காக ஹபிபுல்லா அண்ணனுக்கு அல்லாகிட்ட நான் துஆ செய்யாத நாள் இல்லை" என்றாள் சைதுன் பீவி. "ஊரே மவுத்துன்னு, ஆளு போயாச்சுன்னு சொல்லிச்சு. ஜமாத்துல என்னை இத்தா இருன்னாங்க. புருஷன் போயிட்டா நாலு மாசம் பத்து நாள் சோடிச்சிக்காம, வாசல் தாண்டாம வீட்டுல உக்காரணும். நான் உக்காரலை. உக்காந்தா அவுங்க போயிட்டாங்கன்னு நானே ஒத்துக்கின மாதிரி ஆயிடும் இல்லையா?"

இப்போது அதே ஹபிபுல்லா போர்ட் ஆபீசில் மனுப் போட்டிருக்கிறான். தோணியை என் பெயருக்கு மாற்று என்று. தை மாதம் எட்டாம் தேதி சிதம்பரத்தில் ஹக் தோணியை அவனுக்கு விற்றுப் பத்திரம் எழுதிக் கொடுத்துவிட்டு, மறுநாளே நாகப்பட்டினத்தில் கப்பலேறிப் பினாங்குக்குப் போய்விட்டானாம். பெண்டாட்டியிடம் சொல்லாதே என்று சத்தியம் வேறு வாங்கிக்கொண்டானாம்.

"தையில கையெழுத்துப் போட்டாருன்னா, தையில உசுரோட இருந்தாருதானே?" என்றாள் அவள். கேட்டுவிட்டு இரண்டு பேர் முகத்தையும் மாறி மாறிப் பார்த்தாள்.

ஞானசேகரன் மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். அவர் கண்ணாடியைத் துடைத்தால் கேள்வி பிடித்திருக்கிறது என்று அர்த்தம்.

"உயிரோட இருந்தும் வீட்டுக்கு வராமப் போயிருக்காரே, கோவம் இல்லையாம்மா?"

"கோவத்தை அவுங்க வந்தப்பறம் பட்டுக்கிறேன் சார். மொதல்ல வரட்டும்."

ஆட்சேபணை தெரிவிக்க அன்று சாயங்காலம் ஐந்து மணி வரைக்கும்தான் கெடு. கையெழுத்து அவனுடையது என்றால் அவள் ஆட்சேபிக்கப் போவதில்லை. இல்லை என்றால்... அந்த 'இல்லை என்றால்' பக்கம் அவள் போகவே இல்லை.

*

போர்ட் ஆபீஸ் குமாஸ்தா ராமாமிர்தம் மார்கழியில்தான் இந்த ஊருக்கு மாற்றலாகி வந்தவர். அப்துல் ஹக்கைக் கண்ணால் கண்டதில்லை. ஆனால் காகிதத்தைக் கண்டவர். காகிதத்தைக் கண்டால் ஆளைக் கண்ட மாதிரிதான் என்பது அவருடைய கொள்கை.

"இது போன ஐப்பசி மாசம் ஓனர் எங்க ஆபீசுலயே வந்து கையெழுத்துப் போட்ட லைசென்ஸ் ஃபாரம். மேல் காப்பி எங்ககிட்ட, கார்பன் காப்பி ஓனர்கிட்ட. இது தை மாசத்துப் பத்திரம். பக்கத்துல பக்கத்துல வெச்சிப் பாருங்க. கண்ணாடி தேவையே இல்லை."

தேவைதான் இல்லை. ஐப்பசி ஃபாரத்தில் 'அப்துல்' சற்றே நடுங்கினாற்போல் நேராகப் போயிற்று. 'ஹக்' சட்டென்று ஒரு படி கீழே இறங்கி, வால் மட்டும் காகிதத்தின் ஓரம் வரைக்கும் இழுத்துக்கொண்டு ஓடியது. பத்திரத்திலும் அதே நடுக்கம், அதே இறக்கம், அதே வால்.

"பேரே மாடிப்படி எறங்குது சார்" என்றான் கொளஞ்சியப்பன். "இந்த மாதிரி கையெழுத்து இந்தத் தாலுகாவிலேயே ஒரு ஆளுக்குத்தான் இருக்க முடியும். கேஸ் முடிஞ்சுது. காபி சாப்பிடலாமா?"

"இவரோட கையெழுத்து வேற ஏதாவது இருக்கா?" என்று கேட்டார் ஞானசேகரன்.

"பழைய ஃபைல் எல்லாம் அந்தப் புயல்ல நனைஞ்சு கூழாயிடுச்சு சார். மிஞ்சினது இந்த ஒண்ணுதான்."

வீட்டிலும் ஒன்றுமில்லை. வெளியூர்த் துறைமுகங்களிலிருந்து ஹக் பெண்டாட்டிக்குப் போட்ட கடிதங்கள் ஒரு தகரப்பெட்டி நிறைய இருக்கின்றன. எல்லாம் அரபு எழுத்தில் எழுதிய தமிழ். பெயரையும் அதிலேயேதான் போட்டிருக்கிறான்.

ஞானசேகரன் பத்திரத்தை ஒரு தடவை முழுசாகப் படித்தார். படிக்கப் படிக்க அவருடைய மீசை துடித்தது. பிறகு கொளஞ்சியப்பனிடம் நீட்டினார்.

"இதை எழுதினது யாரு பாரு. சிதம்பரம் ஆண்டி. வா, பதினோரு மணி பஸ்ஸைப் பிடிக்கணும்."

*

சிதம்பரம் போய்ச் சேர்ந்ததும் கொளஞ்சியப்பன் செய்த முதல் காரியம் பஸ் கதவில் விரலை நசுக்கிக்கொண்டது. வலது கைக் கட்டைவிரலும் ஆள்காட்டி விரலும். மருந்துக் கடைக்காரர் டிஞ்சர் ஊற்றிப் பெரிதாக ஒரு கட்டுப் போட்டுவிட்டார்.

"துப்பறிய கால்தான் வேணும், கை எதுக்கு?" என்றார் ஞானசேகரன்.

"சம்பளம் வாங்கறதுக்கு சார். அதுக்கும் அவ்வளவா வேலை இல்லைதான்."

சார்பதிவாளர் ஆபீஸ் வாசலில், வேப்பமரத்தடியில் சாய்மேஜை போட்டு உட்கார்ந்திருந்தார் ஆண்டி. முப்பது வருஷமாகப் பத்திரம் எழுதுகிறவர். நஞ்சை, புஞ்சை, மனை, தோப்பு எதுவானாலும் கண்ணை மூடிக்கொண்டு எழுதுவார். சிக்கல் என்னவென்றால் அந்தப் பத்திரத்தையும் கண்ணை மூடிக்கொண்டுதான் எழுதியிருந்தார்.

"ஐயா, இது தோணிதானே?" என்றார் ஞானசேகரன்.

"தோணிதான்."

"நாலெல்லை போட்டிருக்கீங்க. வடக்கே ஆரோக்கியம்மாள் மீன் கொட்டகை, தெற்கே உப்புக் கிடங்கு, மேற்கே ரோடு, கிழக்கே ஆறு. இதற்குட்பட்ட தோணி ஒண்ணு."

"நாலெல்லை இல்லாம பத்திரம் எப்படி நிக்கும்? நாளைக்கு யாராவது பக்கத்துல இருந்து ரெண்டு அடி ஆக்கிரமிச்சிட்டா?"

"அதுக்குக் கீழ பாருங்க சார்" என்று கொளஞ்சியப்பன் கட்டுப்போட்ட கையாலேயே சுட்டினான். "மேற்படி சொத்திலுள்ள மேல்நோக்கிய மரங்கள், கீழ்நோக்கிய கிணறு சகிதம்னு இருக்குது. மரம் சரி, பாய்மரம்னு வெச்சுக்கலாம். தோணிக்குள்ள கிணறு இருந்தா அதை விக்க மாட்டாங்கய்யா, அதுல இருந்து குதிப்பாங்க."

ஆண்டிக்குக் கோபம் வந்துவிட்டது. தோணிக்குப் பத்திரம் கேட்டு இந்த மரத்தடிக்கு அதற்கு முன்னால் யாரும் வந்ததில்லை, தனக்குத் தெரிந்த முறைப்படி எழுதினேன், எழுதின பத்திரம் இதுவரைக்கும் எந்தக் கோர்ட்டிலும் தோற்றதில்லை என்று மூச்சுவிடாமல் சொன்னார். அவரைத் தணிக்க இரண்டு வெற்றிலையும் ஒரு சோடாவும் தேவைப்பட்டன.

"எல்லை யாரு சொன்னது? விக்கிறவரா?"

"வாங்குறவருதான். ஹபிபுல்லா. எதிர்ல உக்காந்துனு டக்டக்குனு சொன்னாரு. விக்கிறவருக்குக் காய்ச்சலாம், லாட்ஜில படுத்திருக்காருன்னாரு. எழுதிக் குடுத்தேன், எடுத்துனு போனாரு. ஒரு மணி நேரத்துல கையெழுத்து வாங்கினு வந்து காமிச்சாரு."

"அப்ப விக்கிறவரை நீங்க பாக்கவே இல்லை."

"இல்லை."

"சாட்சிங்க?"

ஆண்டி பக்கத்து மரத்தடியில் தூங்கிக்கொண்டிருந்த இரண்டு பேரைக் காட்டினார். அவர்களுக்குத் தொழிலே அதுதான். கூப்பிட்டால் எழுந்து வந்து சாட்சி போடுவார்கள், திரும்பிப் போய்ப் படுத்துக்கொள்வார்கள். யார் விற்றார், யார் வாங்கினார் என்பதெல்லாம் அவர்கள் கவலையில்லை.

*

திரும்புகிற பஸ்ஸில் ஜன்னல் ஓரம் ஞானசேகரன். வெளியே புதுச்சத்திரம் சவுக்குத் தோப்புகள் ஓடிக்கொண்டிருந்தன. அவர் வெளியே பார்க்கவில்லை.

"கொளஞ்சி, நங்கூரம் போட்ட தோணி எப்படி நிக்கும்?"

"கடல்தண்ணி ஏத்தத்துக்கு ஒரு பக்கம் திரும்பும், வத்தத்துக்கு இன்னொரு பக்கம் திரும்பும்."

"உனக்கே தெரியுது. தோணியிலேயே பொறந்து வளந்தவன், தன் தோணிக்கு நாலெல்லையும் கிணறும் எழுதினதைப் படிச்சுப் பார்த்துட்டுக் கையெழுத்துப் போடுவானா? விழுந்து விழுந்து சிரிச்சு, வேற பத்திரம் எழுதிட்டு வான்னு இருப்பான்."

"காய்ச்சல்ல இருந்தவன் சார். ஜுரத்துல எங்க மாமா கல்யாணத்துக்கே சம்மதிச்சாரு."

"லாட்ஜுல இருந்து எழுந்து வர முடியாதவன், மறுநாள் கப்பலேறிப் பினாங்கு போனானா?"

"கப்பல்ல படுத்துனுதானே சார் போவணும்? நடந்தா போறாங்க?"

ஞானசேகரன் திரும்பிப் பார்த்தார். "என்னடா, எதிர்க்கட்சி வக்கீல் மாதிரி ஒண்ணொண்ணுக்கும் பதில் வெச்சிருக்க?"

கொளஞ்சியப்பன் கட்டுப்போட்ட விரலைப் பார்த்துக்கொண்டே சொன்னான்: "நாம எவ்வளவோ கேஸ் ஜெயிச்சிருக்கோம் சார். இது ஒண்ணுல தோத்துட்டா ஒரு பொம்பளைக்குப் புருஷன் கெடைப்பான். தோத்துடலாமே சார்."

ஆலப்பாக்கம் தாண்டினபிறகுதான் ஞானசேகரன் வாயைத் திறந்தார்.

"எல்லாம் பொய் வாடை அடிக்குது. ஆனா கையெழுத்து மட்டும் அசைக்க முடியலை. அந்த மாடிப்படி இறக்கத்தை எவனாலும் கற்பனையில கொண்டு வர முடியாது. அது ஹக் கையெழுத்துதான்."

"அப்ப உசுரோட இருக்காரு."

"உயிரோட இருக்கார்னுதான் சொல்லணும்."

கொளஞ்சியப்பனுக்கு விரல் வலியெல்லாம் பறந்துவிட்டது. இந்தச் செய்தியை நான்தான் சொல்வேன், நீங்கள் நடுவில் பேசக்கூடாது என்று ஓ.டி. வந்து சேரும் வரைக்கும் நாலைந்து தடவை சொல்லிவிட்டான்.

*

மணி மூன்றே முக்கால். சைதுன் பீவி இவர்களுக்காகவே இடியாப்பமும் தேங்காய்ப்பாலும் பண்ணி வைத்திருந்தாள். சாப்பிடாமல் எதையும் சொல்ல விடமாட்டேன் என்றாள். நல்ல சேதியானால் வயிறு நிறைந்தபிறகு இன்னும் நன்றாக இருக்கும் என்றாள். அவள் முகத்தைப் பார்த்தால் சேதியை ஏற்கெனவே எங்கிருந்தோ கேட்டுவிட்டவள் மாதிரி இருந்தது. கொளஞ்சியப்பன் சிரித்த சிரிப்பிலிருந்தே தெரிந்துகொண்டிருப்பாள்.

அவன் பசி தாங்காமல் இடது கையைத் தட்டில் வைத்தான்.

"அய்ய, தம்பி! இடது கையாலயா?" வளையல் குலுங்க அவள் கையைத் தட்டிவிட்டாள். "இரு, கரண்டி தர்றேன். எங்க மச்சானும் இப்படித்தான்."

"அவருக்கும் பஸ் கதவா?"

"நங்கூரக் கயிறு. ஐப்பசி பொறந்து நாலாம் நாளு. கயிறு கையில ஓடி, வலது உள்ளங்கை தோலே உரிஞ்சிபோச்சு. கட்டைவிரல் வரைக்கும் கட்டு. இடது கையால திங்கக்கூடாது. கரண்டி குடுத்தா, இரும்ப நக்கினா வயிறு ரொம்பாதுன்னு சொல்லிட்டாங்க. அப்பறம் நான்தான் ஊட்டிவிட்டேன். பதினாலு நாளு. நாகூர் கிளம்பின அன்னிக்குக் காலையிலகூட ஊட்டித்தான் அனுப்பினேன்." சொல்லும்போதே அவளுக்கு வெட்கம் வந்து முந்தானையை இழுத்துவிட்டுக்கொண்டாள். "கல்யாணம் ஆன புதுசுல கூட அவ்வளவு பக்கத்துல உக்காந்தது இல்லை. கை ஆறவே வேணாம்னு எனக்கு இருந்துச்சுன்னா பாத்துக்கோயேன்."

கொளஞ்சியப்பன் சிரித்தான். ஞானசேகரன் சிரிக்கவில்லை. அவர் கையிலிருந்த டம்ளர் வாய்க்குப் போகாமல் பாதி வழியில் நின்றது.

"லைசென்ஸ் கையெழுத்து போட்டது எப்பம்மா?" என்றார்.

"அதே வாரம்தான். அது ஒரு கூத்து. போர்ட் ஆபீசுல இருந்து சிரிச்சினே வந்தாங்க. 'இடது கையால பேரு போட்டேன் சைதுன். காயிதத்தைப் புடிச்சிக்க இன்னொரு கை இல்லை. அழுத்தின அழுத்துல காயிதம் வழுக்கி, என் பேரு மாடிப்படி எறங்கிடுச்சு. நீ கூட வந்திருந்தா காயிதத்தைப் புடிச்சிருப்பே'ன்னாங்க."

மாடிப்படி. காலையில் போர்ட் ஆபீசில் கொளஞ்சியப்பன் சொன்ன அதே வார்த்தை. அவன் சட்டென்று நிமிர்ந்து ஞானசேகரனைப் பார்த்தான். அவர் அவனைப் பார்த்தார். இரண்டு பேருக்கும் ஒரே நேரத்தில் புரிந்துவிட்டது. புரியாமல் இருந்திருக்கக் கூடாதா என்று கொளஞ்சியப்பன் மனசு அடித்துக்கொண்டது. காதைப் பொத்திக்கொண்டு சாப்பிட்டிருக்கலாமே, கரண்டி கேட்காமல் இருந்திருக்கலாமே, இந்தப் பாழாய்ப்போன விரல் நசுங்காமல் இருந்திருக்கலாமே என்று என்னென்னவோ நினைத்தான்.

காகிதம் ஒரு தடவை வழுக்கலாம். மூன்று மாதம் கழித்து, வேறொரு ஊரில், வேறொரு காகிதம், அதே எழுத்தில், அதே அளவுக்கு வழுக்குமா?

"சொல்லு தம்பி" என்றாள் சைதுன் பீவி. "சேதி சொல்றேன்னியே. அவுங்க கையெழுத்துதானே?"

வாய் ஓயாமல் பேசுகிற கொளஞ்சியப்பன் தட்டைத் தள்ளி வைத்தான். அவள் அவனையும் ஞானசேகரனையும் பார்த்தாள். முகத்திலிருந்த வெளிச்சம் கொஞ்சம் கொஞ்சமாக இறங்கியது.

"இன்னா? இன்னா ஆச்சு?"

ஞானசேகரன் டம்ளரைக் கீழே வைத்தார். "அந்த லைசென்ஸோட கார்பன் காப்பி யார்கிட்ட இருக்கும்மா?"

"ஹபிபுல்லா அண்ணன்கிட்ட. காயித வேலையெல்லாம் அவர்தான் பாப்பாரு."

"தை மாசப் பத்திரத்துலயும் அவர் பேர் மாடிப்படி இறங்குது."

அவளுக்கு அதற்குமேல் எதையும் விளக்க வேண்டியிருக்கவில்லை. அந்தக் கை எப்போது புண்பட்டது, எப்படி இருந்தது என்று உலகத்திலேயே அவளுக்குத்தானே அதிகம் தெரியும்? பதினாலு நாள் கட்டு அவிழ்த்துக் கட்டினவள் அவள்தான்.

"தையில கை ஆறியிருக்குமே" என்றாள் மெல்ல. "ஆறாம போனாக்கூட... காயிதம் அதே மாதிரி வழுக்காதே."

"ஆமாம்மா. ஐப்பசியில போட்டதைப் பார்த்து எழுதியிருக்கான்."

"அப்ப தையில அவுங்க இல்லை."

ஞானசேகரன் தலையைக் குனிந்துகொண்டார்.

"இல்லை சார், வேற எங்கயாச்சும்... வேற கரையில... அண்ணன்தான் போய்ப் பாத்துட்டு வந்தாரே, மூணு பேர்ல அவுங்க இல்லைன்னு..."

சொல்லிக்கொண்டே வந்தவள் அங்கே நின்றுவிட்டாள்.

"அம்மா, இறந்துபோனவர் தோணியை விக்க முடியாது" என்றார் ஞானசேகரன். "இறந்துட்டார்னு ஆனா தோணியில உங்களுக்குப் பங்கு உண்டு, முழுசா அவன் கைக்குப் போகாது. உயிரோட இருக்கிறவர்தான் விக்க முடியும். அதனால அவர் உயிரோட இருக்கிறது ஹபிபுல்லாவுக்குத் தேவைப்பட்டுது. ஆனா நாளைக்கே நிஜமா திரும்பி வந்து நின்னா மாட்டிக்குவானே? வரவே மாட்டார்னு நிச்சயமாத் தெரிஞ்சவனாலதான் இந்தப் பத்திரத்தை எழுத முடியும். அந்த மூணு பேரைப் பார்த்தது அவன் ஒருத்தன்தான்."

அழுதிருந்தால் தேவலை என்று கொளஞ்சியப்பனுக்கு இருந்தது. அவள் அழவில்லை. விரல் கணுக்களில் எதையோ எண்ண ஆரம்பித்தாள். ஐப்பசி, கார்த்திகை, மார்கழி என்று உதடு மட்டும் அசைந்தது.

"ஐப்பசி இருபத்திரண்டு" என்றாள். "நாலு மாசம் பத்து நாளு. பங்குனி பொறந்தப்பவே முடிஞ்சிபோச்சு."

கொளஞ்சியப்பனுக்குப் புரியவில்லை. "எதும்மா?"

"இத்தா. மவுத்தான நாள்ல இருந்துதான் கணக்கு தம்பி. சேதி தெரிஞ்ச நாள்ல இருந்து இல்லை. இப்ப சித்திரை. நான் உக்கார வேண்டிய நாளெல்லாம் போயிடுச்சு." இரண்டு கையையும் முன்னால் நீட்டிப் பார்த்தாள். "மாசியில பெருநாளைக்கு இந்த வளையலு போட்டேன். மச்சான் திடீர்னு வந்தா பாக்கட்டுமேன்னு. அவுங்க மண்ணுக்குள்ள இருந்திருக்காங்க. நான் பூப்போட்ட பொடவை கட்டினு வாசலைப் பாத்துனு இருந்திருக்கேன். ஒரு நாளு, ஒரே ஒரு நாளு அவுங்களுக்காக நான் உக்காரலையே."

அதற்குப் பிறகுதான் அழுதாள். வளையல் சத்தம் வெளியே கேட்டுவிடப் போகிறதே என்று ஒரு கையால் இன்னொரு கையை இறுகப் பிடித்துக்கொண்டு அழுதாள்.

ஞானசேகரன் எழுந்தார். மணி நாலே கால். "போர்ட் ஆபீசை மூடிடாம ராமாமிர்தத்தை நான் போய்ப் பிடிச்சு வைக்கிறேன். அப்படியே போலீசுக்கும் போன் பண்ணிடறேன். நீ ஆட்சேபணை மனு எழுதி, அம்மா கையெழுத்து வாங்கிட்டு வா" என்று கொளஞ்சியப்பனிடம் சொன்னார். சொல்லிவிட்டுத் திரும்பிப் பார்க்காமல் போய்விட்டார். அவனுக்கு விரல் நசுங்கியிருப்பது அவருக்கு ஞாபகமே இல்லை. ஆறு வருஷத்தில் இவ்வளவு அழகாக ஒரு கேஸைக் கண்டுபிடித்ததில்லை. இவ்வளவு வேகமாக ஒரு வீட்டைவிட்டு ஓடியதுமில்லை. ஜெயித்ததற்காகத் தன் முதலாளி வெட்கப்பட்டு அன்றைக்குத்தான் பார்த்தான் கொளஞ்சியப்பன்.

காகிதத்தைத் தரையில் வைத்துப் பேனாவை இடது கையில் பிடித்தான். சைதுன் பீவி முகத்தைத் துடைத்துக்கொண்டு எதிரே வந்து உட்கார்ந்தாள்.

'உயர்திரு துறைமுக அதிகாரி அவர்களுக்கு' வரைக்கும் கோணல்மாணலாக எழுத்து வந்துவிட்டது. 'சலாமத் என்னும் தோணியின் சொந்தக்காரரான' என்பதும் வந்தது. அடுத்து எழுத வேண்டிய வார்த்தை 'காலஞ்சென்ற'. பேனா அங்கே நின்றுவிட்டது. இந்த ஒரு வார்த்தையை இல்லாமலாக்கத்தான் அவள் காலையில் அந்த மாடிப்படி ஏறி வந்தாள். அதை இவன் கையாலேயே எழுத வேண்டியிருக்கிறது.

அழுத்தினான். காகிதம் வழுக்கியது. இன்னொரு தடவை அழுத்தினான், மறுபடியும் வழுக்கியது. கண்ணில் நீர் முட்டி எழுத்தே தெரியவில்லை.

வளையல் போட்ட கை ஒன்று நீண்டு வந்து காகிதத்தின் மேல் அழுத்தமாகப் படிந்தது.

"எழுது தம்பி" என்றாள் சைதுன் பீவி. "நான் புடிச்சிக்கிறேன்."

அவன் எழுதினான்.